பள்ளிவாசல், சர்ச், காட்டுச் சடங்கு: சியரா லியோன் கிராமத்தில் சுகாதாரத்தை யார் சொன்னால் எடுபடும்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சியரா லியோனின் உள்மாவட்டம் ஒன்றில் குடிநீர், கழிப்பறைத் திட்டத்தில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திட்ட ஆவணத்தைப் பிரித்தால் பாதிக்குப் பாதி ‘இமாம்களுக்கும் பாஸ்டர்களுக்கும் சுகாதாரப் பயிற்சி’ என்றே இருக்கிறது. இது நிஜமாகவே பலன் தருமா, இல்லை பணம் கொடுப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று எழுதியதா என்று கேட்கிறீர்கள். கூடவே இரண்டு உபகேள்விகள்: ஆப்பிரிக்காவின் மருத்துவ வசதியில் 70 சதவீதம் மத நிறுவனங்கள் கையில் இருக்கிறது என்பது உண்மையா, வெளியாளான, அதுவும் இந்துவான ஒருவர் இதில் வாய் திறக்கலாமா. இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். கிராமத்தில் மதத் தலைவர் சொன்னால் ஜனங்கள் கேட்பார்களா? கேட்பார்கள், ஆனால் எதைச் சொன்னால் கேட்பார்கள் என்பதில்தான் உங்கள் திட்டத்தின் தலையெழுத்து இருக்கிறது.

நான் சுகாதாரப் பொறியியல் படித்தவன். சியரா லியோனிலும் வட கானாவிலும் கிணறு, கைபம்பு, கழிப்பறை வேலைகளில் பல வருடம் இருந்தேன். ஜிம்பாப்வே, நைஜீரியா பற்றிக் கீழே சொல்வதெல்லாம் படித்தும் அங்கே வேலை பார்த்த நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், மதத் தலைவரை ஒலிபெருக்கியாகப் பயன்படுத்தி ‘கை கழுவுங்கள், கழிப்பறை கட்டுங்கள்’ என்று சொல்ல வைத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். அவர் அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிற ஒன்றை, அதாவது ஒரு சடங்கையோ அடக்க முறையையோ குளத்தின் கட்டுப்பாட்டையோ, அவரே மாற்றிக் கொடுத்தால் கிடைப்பது ரொம்பப் பெரியது. பெரும்பாலான திட்டங்கள் முதலாவதற்குப் பட்ஜெட் போட்டுவிட்டு இரண்டாவது தானாக நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

இதற்கு நீங்கள் போகிற நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2014 மே மாதம் கினியா எல்லையை ஒட்டிய கைலாஹூன் மாவட்டத்தில் எபோலா உறுதியானது. அங்கே பேர்பெற்ற ஒரு நாட்டு வைத்தியப் பெண்மணி, எல்லை தாண்டி வந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துத் தானும் தொற்றி இறந்துபோனார். அவர் அடக்கத்துக்குச் சுற்றுவட்டாரமே திரண்டது, பெண்கள் உடலைக் குளிப்பாட்டினார்கள். அந்த ஒரு சாவு வீட்டிலிருந்து கிளைத்த மரணங்கள் 365 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எழுதியது. எபோலாவில் இறந்தவர் உடலில்தான் வைரஸ் மிக அதிகம், அந்த உடலைத்தான் குளிப்பாட்டி, தொட்டு, முத்தமிட்டு வழியனுப்புவது வழக்கம். முஸ்லிம் வீட்டில் மய்யித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டாமல் கஃபன் துணி சுற்றுவது யோசிக்கவே முடியாத விஷயம், மெண்டே, கிஸ்ஸி மக்களின் பழைய வழக்கத்திலோ சரியாக அடக்கம் ஆகாதவர் மூதாதையரோடு சேர மாட்டார். இப்படிப்பட்ட இடத்தில் முதல் சில மாதம் அரசும் வெளிநாட்டு அமைப்புகளும் செய்தது என்ன? ‘பிணத்தைத் தொடாதே’ என்று சுவரொட்டி ஒட்டின. பாதுகாப்பு உடையில் வருகிற குழு உடலைப் பையில் போட்டு லாரியில் ஏற்றிப் போகும், எங்கே புதைத்தார்கள் என்பதுகூடப் பல வீட்டுக்குத் தெரியாது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? ராத்திரியில் ரகசியமாகப் புதைத்தார்கள்.

விஷயம் தெரியாமல் அப்படிச் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். பிணத்தைத் தொட்டால் தொற்றும் என்பதைப் பலரும் அறிந்திருந்தார்கள். தெரிந்தும் தொட்டார்கள், ஏனென்றால் தொடாமல் அனுப்பினால் வரும் கேடு அவர்கள் கணக்கில் நோயைவிடப் பெரியது. அங்கே போய் இன்னும் கொஞ்சம் ‘விழிப்புணர்வு’ ஏற்றுவதில் என்ன பயன்? 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், திருச்சபைகளின் உலகக் கவுன்சில், காரித்தாஸ், இஸ்லாமிக் ரிலீஃப், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றோடு உட்கார்ந்து பேசிப் புது அடக்க நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும் (தண்ணீர் இல்லாமல் செய்கிற தூய்மைச் சடங்கு), அதுவும் பையின் மேலேயே, குழுவில் இருக்கிற ஒரு முஸ்லிமின் கையால். வெள்ளைத் துணி. குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், இமாமோ பாஸ்டரோ தூரத்தில் நின்று ஜெபிக்கலாம், குழி வெட்டுவதில் உறவினர் சேரலாம், கல்லறையில் பெயர் இருக்கும். இமாம்கள் கொள்ளைநோய் பற்றிய நபிமொழியை எடுத்துப் பேசினார்கள் (நோய் பரவிய ஊருக்குள் போகாதே, உன் ஊரில் பரவினால் வெளியேறாதே என்பது), பாஸ்டர்கள் பழைய ஏற்பாட்டில் பிணம் தொட்ட தீட்டு பற்றி இருப்பதை எடுத்தார்கள். ஒரு மருத்துவர் ‘குளிப்பாட்ட வேண்டாம்’ என்றால் அது தடை. இமாம் ‘இந்த நிலைமையில் தயம்மும் போதும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான்’ என்றால் அது அனுமதி, அதைக் கொடுக்கிற தகுதி ஆயிரம் மருத்துவர் சேர்ந்தாலும் அவர்களுக்குக் கிடையாது. உங்கள் ஆவணத்தில் ‘பயிற்சி’ என்று எழுதியிருப்பதன் உயிர் இந்த அனுமதியில்தான் இருக்கிறது.

கவனியுங்கள், அங்கே இறங்கி வந்தது மதத் தரப்பு மட்டும் இல்லை. கினியாவின் காட்டுப் பிரதேசத்தில் கிஸ்ஸி மக்களிடம் ஒரு வழக்கம்: கர்ப்பிணி இறந்தால் சிசுவை வெளியே எடுத்த பிறகே அடக்கம், இல்லாவிட்டால் ஊருக்கே ஆகாது. எபோலாவில் இறந்த கர்ப்பிணிக்கு அந்த அறுவை செய்வது தற்கொலைக்குச் சமம். ஊர் மறுக்கிறது, மருத்துவக் குழுவும் மறுக்கிறது, இடையில் உடல் கிடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு வேலை பார்த்த ஜூலியன் அனோகோ என்ற மானுடவியலாளர் ஊர்ப் பெரியவர்களிடம் போய், இப்படி முடியாமல் போனால் செய்வதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இருந்தது. பரிகாரச் சடங்குக்கான செலவை உலக சுகாதார நிறுவனமே ஏற்றது, அப்புறம் அடக்கம் பாதுகாப்பாக நடந்தது. தடுப்பு நடவடிக்கை என்ற தலைப்பில் ஆடு வாங்கிய செலவை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று உங்கள் கணக்காளர் கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள்! இதற்கு நேர் எதிரானது அதே கினியாவின் வோமே கிராமத்தில் 2014 செப்டம்பரில் நடந்தது. எபோலா பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போன குழுவில் சுகாதாரப் பணியாளர்கள், அதிகாரிகள், வானொலிச் செய்தியாளர்கள் என 8 பேரை ஊர்க்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அந்த ஊருக்கு அரசு மேலேயே நெடுநாள் பகை, நோயைக் கொண்டுவருவதே இவர்கள்தான் என்ற நம்பிக்கை வேறு.

சரி, இதில் எது உறுதி, எது ஊகம்? பிணத்தைத் தொடுவது தொற்றின் பெரிய வழி என்பது உறுதி. மதத் தலைவர்கள் சேர்ந்த பிறகு குடும்பங்கள் அடக்கக் குழுவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள் என்பதைக் களத்தில் இருந்த எல்லோரும் சொல்கிறார்கள், அதையும் நம்பலாம். ஆனால் எத்தனை உயிர் பிழைத்தது என்றால் கணக்கு ஆட்டம் காண்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பான அடக்கங்கள் தடுத்த தொற்று 1,411-லிருந்து 10,452 வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு வந்தது. இரண்டு எண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பாருங்கள்! அதே நேரத்தில் படுக்கைகள் கூடின, ஆய்வகங்கள் வந்தன, பாரமவுண்ட் சீஃப்கள் (வட்டாரத்தின் பரம்பரைத் தலைவர்கள்) ரகசிய அடக்கத்துக்கு அபராதம் போட்டார்கள், பயமும் வேலை செய்தது. இதில் இமாமின் பங்கு மட்டும் இத்தனை சதவீதம் என்று யாராவது பிரித்துக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது, உங்கள் ஆவணத்தில் காணாமல் போயிருக்கிற மூன்றாவது ஆள். சியரா லியோனில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள், மீதியில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்று மக்கள்தொகைக் கணக்கு சொல்லும். அதைப் பார்த்துவிட்டு இமாம், பாஸ்டர் இரண்டு பேரைக் கூப்பிட்டால் முடிந்தது என்று தலைநகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முன்வரிசையில் உட்காரும் அதே ஆள் போரோ என்ற ரகசியச் சடங்குச் சங்கத்தில் மூத்த உறுப்பினராக இருப்பார், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் பாடும் பெண்மணி போண்டோ சங்கத்தில் சோவேயாக (சடங்கை நடத்தும் மூத்த பெண்ணாக) இருப்பார். போரோ ஆண்களுடையது, போண்டோ பெண்களுடையது, இரண்டுக்கும் ஊரை ஒட்டித் தனிக் காடு உண்டு, உறுப்பினரல்லாதவர் உள்ளே கால் வைக்கக் கூடாது. எந்த ஓடை எதற்கு, எந்த மரத்தை வெட்டக் கூடாது, எந்தப் பக்கம் பெண்கள் குளிப்பது, எப்போது ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நீரும் நிலமும் சம்பந்தப்பட்ட கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவரை விட்டுவிட்டுத் தண்ணீர்த் திட்டம் நடத்தினால் என்ன ஆகும்? பம்பு போடுவதற்கு நீங்கள் பார்த்த இடம் போரோ காட்டின் ஓரம் என்பது துளையிடும் லாரி வந்து நின்ற பிறகு தெரியவரும். போண்டோவில் ஒரு பெரிய சிக்கலும் உண்டு, பெண் உறுப்புச் சிதைப்பு அதன் சடங்கோடு பின்னிப் பிணைந்தது. சோவேக்களைச் சுகாதாரக் கூட்டத்துக்கு அழைத்தால் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது போல ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கேள்வி நியாயமானது. என் கருத்து, தண்ணீர் விஷயத்துக்குக் கூப்பிடுங்கள், மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தாதீர்கள்.

இந்த மூன்றாவது ஆளின் பலத்தை வட கானாவில் நரம்புச் சிலந்தி ஒழிப்பில் பார்க்கலாம். ஆமாம், நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் அதே நரம்புச் சிலந்திதான். குளத்துத் தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்ன நீர்ப்பூச்சியை விழுங்கினால், ஒரு வருடம் கழித்து ஒரு மீட்டர் வரை நீளமான புழு காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் ஆள் குளத்தில் காலை வைப்பார், புழு அங்கே லட்சக்கணக்கில் குஞ்சுகளை விடும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை, நடத்தையை மாற்றுவது ஒன்றே வழி. 1989-ல் கானாவில் ஏறத்தாழ 1,80,000 பேருக்கு இருந்தது, கடைசி நோயாளி 2010-ல், ஒழிந்ததாகச் சான்றிதழ் 2015-ல். அங்கே நிலத்துக்கும் குளத்துக்கும் பூசாரி போன்றவர் டிண்டானா. ஊர்த் தலைவர் வேறு, இவர் வேறு. சில குளங்கள் மூதாதையருடையவை, அதில் ‘அபேட்’ ஊற்ற விட மாட்டார்கள் (சென்னையில் கொசுப்புழுவுக்கு ஊற்றுகிற அதே மருந்து). மூதாதையர் நீரில் விஷமா என்பது அவர்கள் கேள்வி. ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்து, துள்ளுகிற பூச்சிகளைக் காட்டி, அதையே துணியில் வடிகட்டித் திரும்பக் காட்டுவதுதான் அங்கே வழக்கமான பாடம். வடிகட்டுவதில் குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மாற்றம் பானையின் வாயில் நடக்கிறது, அதனால் டிண்டானாவுக்கும் சம்மதிக்க வழி இருந்தது. ‘கொப்புளம் உள்ளவர் குளத்தில் இறங்கக் கூடாது’ என்ற விதியும் அப்படித்தான். செருப்போடு வரக் கூடாது, இன்ன பாத்திரத்தால் மொள்ளக் கூடாது என்று ஏற்கெனவே விலக்குகள் உள்ள குளத்தில் இன்னொரு விலக்கு சேர்வது யாருக்கும் உறுத்தாது. அதற்காக எல்லாப் புகழையும் பூசாரிக்குக் கொடுக்க முடியாது, ஊருக்கு ஊர் தன்னார்வலர்களும் ஆழ்துளைக் கிணறுகளும் செய்த வேலைதான் பெரும்பங்கு.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். குத்பாவில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) கழிப்பறை பற்றிப் பேசச் சொல்வதற்கு முன் பள்ளிவாசலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கோடு போட்ட பிளாஸ்டிக் கெட்டில்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருக்கும். ஒளு செய்யவும் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவவும்) அதுதான், கழிப்பறைக்கு எடுத்துப் போகவும் பல இடத்தில் அதேதான். தண்ணீர் எடுக்கிற கிணறு எங்கே, கழிவுக்குழி எங்கே, இரண்டுக்கும் எத்தனை அடி, எது மேட்டில் இருக்கிறது? கிணற்றுக்கு மேட்டில் குழி இருந்தால் நீங்கள் கொடுக்கிற பயிற்சிப் புத்தகத்தை அந்தக் கிணற்றிலேயே போட்டுவிடலாம். சர்ச்சில் பார்த்தால் கோயர் உடைக்கு நிதி திரட்டியிருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேர ஆராதனைக்கு வருகிற ஜனங்களுக்குக் கழிப்பறை ஒன்று இருக்கும், அதன் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. 2018-ல் ருவாண்டா அரசு கிகாலியில் 700-க்கும் மேற்பட்ட வழிபாட்டு இடங்களை மூடியது, அதில் பெரும்பாலும் சின்னச் சின்னச் சர்ச்சுகள். சொன்ன காரணங்களில் சுகாதாரக் குறைவும் சத்தமும் உண்டு. அது அளவுக்கு மீறிய நடவடிக்கைதானா என்பது தனி விவாதம், ஆனால் ‘முதலில் உன் வாசல்’ என்பதில் விஷயம் இருக்கிறது. பயிற்சிப் பணத்தில் பாதியை எடுத்து ஒவ்வொரு வழிபாட்டு இடத்திலும் ஒழுங்கான கழிப்பறை, வாசலில் ஒரு வெரோனிகா பக்கெட், கெட்டில்களைத் தனித்தனியாகப் பிரிக்க இரண்டு நிறம் என்று செய்தாலே போதும். குழாய் வைத்த அந்த பக்கெட்டைக் கண்டுபிடித்தவர் வெரோனிகா பெகோ என்ற கானா நாட்டு உயிரியலாளர். ஊரில் எல்லோரும் வாரம் தவறாமல் வந்து உபயோகிக்கிற ஒரே பொதுக் கட்டடம் பெரும்பாலும் வழிபாட்டு இடம்தான், அங்கே பழகினால் வீட்டிலும் கேட்பார்கள்.

மதம் குறுக்கே நிற்கிற இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜிம்பாப்வேயில் வெள்ளை அங்கி அணிந்து திறந்தவெளியில் வழிபடும் அப்போஸ்தல சபைகள் பல. அவற்றில் ஜோஹானே மாரங்கே சபை போன்ற சில, மருந்தையும் தடுப்பூசியையும் கொள்கையாகவே மறுப்பவை. 2022 ஏப்ரலில் மனிகாலாண்ட் மாகாணத்தில் ஆரம்பித்த தட்டம்மை சில மாதங்களில் 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது, இறந்தவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாத குழந்தைகள். மறுப்பு ஒரு குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்டால் தலைவரைப் ‘பயிற்றுவிப்பது’ எடுபடாது, ஏனென்றால் விட்டுக்கொடுத்தால் அவருடைய தனித்தன்மையே போய்விடும். அங்கே வேலை செய்தது வேறு வழி: தாய்மார்கள் இருட்டிய பிறகு சத்தமில்லாமல் கிளினிக்குக்கு வருவார்கள், செவிலியர்கள் தடுப்பூசி அட்டையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு ஊசி போட்டு அனுப்புவார்கள். கதவைத் திறந்து வைப்பதும் வாயை மூடி வைப்பதும்தான் அங்கே சுகாதாரப் பணி. மிதமான சபைகளை ஒன்றுசேர்த்த உடாசிசா போன்ற கூட்டமைப்புகள் வழியாகப் பேச்சுவார்த்தையும் நடக்கிறது, மெதுவாக.

மதத் தலைவருக்கும் எட்டாத விஷயங்களும் இருக்கின்றன. நைஜீரியாவின் ஓசுன் நதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசோக்போ ஊரில் அதன் கரையில் உள்ள புனிதக் காடு 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், ஆகஸ்ட் திருவிழாவில் யொருபா பக்தர்கள் நதி நீரை அள்ளிக் குடிப்பார்கள், பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். நதியின் மேற்பகுதியில் உள்ள தங்கச் சுரங்கங்களின் சேறும் கழிவும் கலந்து நதி செம்மண் நிறமாக ஓட ஆரம்பித்ததும், 2022-ல் மாநில அரசு திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றது. பூசாரிகளைக் கூட்டி ‘விழிப்புணர்வு’ கொடுக்கலாம்தான். ஆனால் அந்தக் காட்டையும் கரையையும் இத்தனை காலம் காத்து வந்ததே அவர்கள். அழுக்காக்கியவன் சுரங்கத்தில் இருக்கிறான், பாடம் மட்டும் பக்தனுக்கு என்றால் அது என்ன நியாயம்? உங்கள் மாவட்டத்திலும் சுரங்கம் இருந்தால் (கோனோ பக்கம் வைரம், வேறு இடங்களில் ரூட்டைல் என்ற டைட்டானியத் தாது, தங்கம்) இதை மனதில் வையுங்கள். அந்த மாதிரி இடத்தில் இமாமும் பாஸ்டரும் சீஃபும் சேர்ந்து மாவட்டக் கவுன்சிலில் ஒரு புகார் கொடுப்பது பத்துப் பிரசங்கத்தைவிட உபயோகம், உங்கள் நிறுவனம் அதற்குத் துணை நிற்குமா என்பது வேறு விஷயம்.

70 சதவீதக் கணக்குக்கு வருகிறேன். 2007-ல் உலக சுகாதார நிறுவனம், ஆப்பிரிக்காவின் மருத்துவக் கட்டமைப்பில் 30 முதல் 70 சதவீதம் மத அமைப்புகளுடையது என்று அறிவித்தது. அதன் பின்னணியில் இருந்த ஆய்வு முக்கியமாக ஜாம்பியாவிலும் லெசோத்தோவிலும் நடந்தது. அங்கே கிடைத்த கணக்கு லெசோத்தோவில் சுமார் 40 சதவீதம், ஜாம்பியாவில் சுமார் 30 சதவீதம். பிற்பாடு எல்லோரும் 30-ஐ விட்டுவிட்டு 70-ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கட்டடமும் படுக்கையும் எத்தனை என்பது ஒரு கணக்கு, காய்ச்சல் வந்தால் ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. வீடு வீடாகக் கேட்ட கணக்கெடுப்புகளில் மத அமைப்புகளின் பங்கு இதைவிட ரொம்பக் குறைவாக வந்தது. மிஷன் ஆஸ்பத்திரி மட்டுமே இருக்கிற மலைக்கிராமங்கள் நிஜம், அதை வைத்து ஒரு கண்டத்தையே அளக்க முடியாது. உங்கள் அறிக்கையில் அந்த எண்ணைப் போடாதீர்கள்.

வெளியாள் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. சியரா லியோனில் ஒரே வீட்டில் அண்ணன் முஸ்லிம், தம்பி கிறிஸ்தவன் என்பது சாதாரணம். உங்கள் மதம் என்ன என்று முதல் நாளே நேராகக் கேட்பார்கள், சொல்லிவிடுங்கள். அப்புறம் மாட்டுக்கறி சாப்பிடுவீர்களா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் போகும், நல்ல அறிமுகம். ஊருக்குள் போனால் முதலில் சீஃபைப் பார்த்துக் கோலா கொட்டை வைத்துப் பேசுவது முறை, நம்ம ஊரில் வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி. கிரியோ மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், சில மாதத்தில் ஓரளவு வந்துவிடும். பிரசங்கம் செய்வது உங்கள் வேலை இல்லை, மதநூலை நீங்கள் மேற்கோள் காட்டவே காட்டாதீர்கள். உங்களிடம் இருக்கிற சரக்கு, கிணறும் குழியும் எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதும் குளோரின் எவ்வளவு போடுவது என்பதும். அதை அவர்களிடம் வைத்துவிட்டு, ‘இதை உங்கள் வழக்கத்துக்குள் எப்படிச் செய்வது’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அந்த மௌனம் சங்கடமாக இருந்தாலும் சரி. வேலையை ஏற்பதற்கு முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தைக் கழிப்பறைக்கும் சடங்குச் செலவுக்கும் திருப்ப முடியுமா, சோவேயிடமும் போரோ பெரியவர்களிடமும் பேச உள்ளூரில் பிறந்த ஆணும் பெண்ணுமாக ஆட்கள் இருக்கிறார்களா. இரண்டுக்கும் ‘இனிமேல்தான் பார்க்கணும்’ என்று பதில் வந்தால், முதல் மூன்று மாதம் பயிற்சி எதுவும் வைக்காமல் ஊர் ஊராகச் சுற்ற அனுமதி கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.